கீரியின் பங்கு

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் நான் மந்திரக்காரி. மற்ற நாட்களில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். இரண்டையும் அண்ணியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் செய்தேன். அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் பொய். தெரிந்துகொண்டேதான் இருந்தது. தெரியாத மாதிரி இருப்பதற்கு ஆசிரியர் வேலை நல்ல பழக்கம் கொடுத்திருக்கிறது. பின்வரிசையில் யார் கை தூக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தும், பார்க்காமலே பாடத்தை முடித்துவிட எனக்கு வரும்.

நாங்கள் இருப்பது ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். முன்னால் பலகை அடித்துக் கண்ணாடி போட்டு அடைத்த சின்ன முன் திண்ணை, இஸ்தோப்பு. அதற்குப் பின்னால் அம்மா படுத்திருக்கும் காம்பரா, கடைசியில் சமைக்கிற குசினி. அண்ணன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், வந்த மறுநாளே முதலாளியிடமிருந்து போன் வந்துவிடும். ஆக வீட்டில் நானும் அம்மாவும் அண்ணியும்தான்.

அம்மா போன வருடம் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் விளங்கவில்லை, பேச்சும் பாதி குழறியது. அண்ணி அதுவரை கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். அம்மா வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து போகவில்லை. வேலையை விடுங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே ஒரு காரியம் நடந்துவிட்டால் அதில் யாருக்கும் பொறுப்பில்லை என்று வீடுகளில் ஒரு வசதியான நம்பிக்கை இருக்கிறது. நானும் அந்த நம்பிக்கையில் சேர்ந்துகொண்டேன். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், பேப்பர் வாசித்துக் காட்டுவேன். தூக்கி உட்கார வைப்பது, குளிக்க வார்ப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அண்ணி. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்றாலும் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து என்னை ‘டீச்சரு’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் கூப்பிடுகிறார். ஆரம்பத்தில் கேலியாகத்தான் கூப்பிட்டார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

விளையாட்டைக் கொண்டுவந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார். கம்பஸில் பட்டத்துக்குப் படித்தபோது பழகியதாம். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பிள்ளை குட்டி பெறுகிற வயதில் இது என்ன கூத்து என்று முதலில் சிரித்தேன். இரண்டாவது வாரம் சார் வரக் கொஞ்சம் சுணங்கியதற்கு அவருக்கு மூன்று தடவை போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவை விட்டு நான் வெளியே போனால் நன்றாயிராது என்பதால் எல்லோரும் எங்கள் இஸ்தோப்புக்கு வந்தார்கள். எல்லோரும் என்றால் சாரும், டிக்கோயாவில் மருந்துக்கடையில் வேலை செய்யும் என் பள்ளித் தோழியும்தான். தோழி நாலே முக்கால் அடி. விளையாட்டில் அவள் ஆறரை அடி வாள்வீரன். நான் மந்திரக்காரி.

சார் தன் கதையில் ஒரு மலையைச் சொன்னார், மூடுபனியைச் சொன்னார், பேய் குடியிருக்கும் பழைய கோட்டையைச் சொன்னார். மலையும் பனியும் எங்களுக்குச் சிரமமில்லை. கோட்டைதான் இடித்தது. எங்களுக்குத் தெரிந்த பெரிய கட்டடம், நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும், பூட்டிக் கிடக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுதான். “மாடியில என்ன சார், கொழுந்து வாட்டுற தட்டு இருக்கா?” என்று தோழி கேட்டாள். மூன்றாவது வாரம் சாரும் கோட்டையை விட்டுவிட்டு ஸ்டோர் என்றே சொல்லத் தொடங்கினார்.

என் மந்திரங்களுக்கு அளவு உண்டு. கதையில் ஒரு நாள் விடிந்தால் இத்தனை மந்திரம், போட்டுத் தீர்ந்தால் மறுநாள் விடியும்வரை வெறுங்கை. எண்ணிக்கை மறந்துபோகாமலிருக்க அண்ணியிடம் ஒரு பிடி கௌபிப் பயறு வாங்கி முன்னால் குவித்துக்கொண்டேன். ஒரு மந்திரம் போட்டால் ஒரு கௌபி டம்ளருக்குள் போகும்.

மந்திரக்காரிக்கு ஒரு துணை விலங்கும் உண்டு. நான் கீரியை எடுத்தேன். அதற்கென்று சார் தனியாகச் சில சட்டங்கள் சொன்னார். கீரிக்கு என் உயிரில் பாதிதான் உயிர். அதற்குச் சொந்தமாக மந்திரம் கிடையாது. ஆனால் நான் எனக்குக் காவல் மந்திரம் போட்டுக்கொண்டால், கீரி என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை அந்தக் காவல் அதற்கும் சேரும். தள்ளிப் போனால் சேராது. தொட்டுப் போடவேண்டிய மந்திரம் என்றால் நான் போகவேண்டியதில்லை, கீரியிடம் கொடுத்தனுப்பலாம். அது ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வரும்.

நான் மந்திரக்காரியையும் கீரியையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். அண்ணி காம்பராக் கதவில் சாய்ந்து நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, கீரிய நீங்க பார்த்துக்கிறீங்களா?” என்று சார் கேட்டார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க சார்.”

“கீரி தெரியுமில்ல?”

“கீரி தெரியும்.”

“அது போதும். உக்காருங்க.”

அண்ணி ஸ்டூலின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிற மாதிரி உட்கார்ந்தார். “எங்க ஊர்ப் பக்கம் மந்திரவாதி ஏவல் விடுவானே, அது மாதிரியா சார்?” என்றார். அவர் ஊர் பொகவந்தலாவைப் பக்கம்.

“ஏவல் மாதிரி இல்லீங்க. இது கூடவே இருக்கும்.”

“கூடவே இருந்து சொன்னதச் செய்யும்” என்றாள் தோழி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அண்ணி சாதுவாக ஆடுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ முதல் நாளே ஒரு காவல்காரனின் காலைக் கடித்து, பகடையில் இருபது விழுந்ததும் போட்ட சத்தத்தில் அம்மா உள்ளேயிருந்து என்னவென்று கேட்டார். மோசமான எண் விழுந்தால் அண்ணி அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். “சாய்ஞ்சு நிக்குதுங்க சார், திரும்பப் போடுறேன்” என்பார். பகடை ஆணி அடித்த மாதிரி நேராகத்தான் நிற்கும். இருந்தாலும் சார் விட்டுக்கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் வெள்ளென முடியத் தொடங்கியது. பிற்பகல் ஆகும்போது அண்ணி முகம் கழுவிப் பொட்டு வைத்துத் தயாராக இருப்பார்.

நான் கீரியை எப்படி நடத்தினேன் என்பதைச் சொல்லவேண்டும். இருட்டான பொந்து என்றால் “போங்க அண்ணி” என்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத காம்பரா என்றாலும் “போங்க அண்ணி”தான். நெருப்பு மந்திரத்தைக் கையில் கொடுத்து, “தொட்டுட்டு வந்துருங்க” என்பேன். போகும்போது காவல் எட்டாது என்று சட்டம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். போய், அடி வாங்கி, நொண்டிக்கொண்டு திரும்பி வந்து என் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். ஒரு நாள் அவர் கேட்டார்: “தொடுறதும் நானு, கடி வாங்குறதும் நானு. மந்திரம் மட்டும் எப்பிடிங்க உங்க பேர்ல?” விளையாட்டாகத்தான் கேட்டார். சட்டம் அப்படி என்று நானும் விளையாட்டாகச் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் ஹட்டனில் வகுப்பு வந்தது. பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கான ஒரு வருடப் பயிற்சி, சனிக்கிழமைகளில் மட்டும். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவர். லயத்துப் பொடிசுகள் எல்லாம் அவர் காலைத்தான் சுற்றும். அவருக்குக் கதை சொல்ல வரும், பாட்டு வரும், அதட்டவும் வரும். அந்த வேலை அவருக்காகவே செய்து வைத்தது போல இருக்கும் என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

அன்று அவர் அம்மாவின் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“டீச்சரு, ஹட்டன்ல பாலர் பாடசாலைக்கு கிளாஸ் ஆரம்பிக்கிறாங்களாம். சனிக்கிழமை மட்டுந்தானாம்.”

“அப்படியா அண்ணி. நல்லதுதானே.”

“ஓ.எல். இருந்தா போதுமாம்.”

“ம்” என்றேன்.

அவர் துணியை இன்னொரு தடவை பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. பிறகு கொடிக்குக் கொண்டுபோனார்.

சனிக்கிழமை என் நாள். ஹட்டன் டவுனில் ஒரு கடை மாடியில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்த மாடிப்படியில் ஏறினால் பெற்றோர்கள் எழுந்து நிற்பார்கள், ஒதுங்கி வழி விடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அண்ணி சனிக்கிழமை போனால் அம்மாவுடன் நான் இருக்கவேண்டும். நான் இருந்தால் அந்தப் படிக்கட்டு இல்லை. இதை யோசிக்க எனக்கு ஒரு ‘ம்’ சொல்கிற நேரம்கூட ஆகவில்லை. அவர் கேட்கவில்லையே, செய்திதானே சொன்னார் என்று அதற்கு மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன்.

மூடினால் சும்மா இருக்கிறதா. நெஞ்சு குறுகுறுவென்றது. அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் குறுகுறுக்கும், அம்மாவைத் திருப்பும்போது அவர் மூச்சுப் பிடிக்கும் சத்தம் கேட்டால் குறுகுறுக்கும். சனிக்கிழமை காலை நான் குடையை எடுக்கும்போது “பார்த்துப் போங்க” என்பார். அன்று முழுவதும் என்னால் ஒரு கணக்கை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க முடியாது. இப்படி இரண்டு வாரம் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைவிடக் கேவலமான யோசனை எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

“சார், சட்டத்தக் கொஞ்சம் மாத்தலாமா?” என்றேன். “அண்ணியும் மந்திரம் போடட்டும். கௌபிய ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கிறோம்.”

சனிக்கிழமையைக் கொடுக்க மனமில்லாதவள் கௌபியைக் கொடுத்தேன். அந்த நிமிடமே எனக்கு அது தெரியும். ஆனால் அண்ணியின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், கடனை அடைத்துவிட்ட மாதிரி எனக்குள் ஒரு நிம்மதி பரவியது.

சார் யோசித்தார். கணக்குப் படித்த மூளை, எதையும் சும்மா கொடுக்காது. “சரி. ஆனா ஒண்ணு. கீரி சொந்தமா மந்திரம் போடும்னா அது தனி ஆள். இனி டீச்சரோட காவல் அதுக்குச் சேராது. அதோட காவல அதுதான் போட்டுக்கணும்.”

“அது பரவாயில்ல” என்றேன் நான். பரவாயில்லையா என்று அண்ணியிடமல்லவா கேட்டிருக்கவேண்டும்.

அன்று அண்ணி போட்ட முதல் மந்திரம் வெளிச்சம். ஸ்டோருக்குள் இருட்டாக இருந்தது. “நான் வெளிச்சம் போடுறேன்” என்று சொல்லி, ஒரு கௌபியை இரண்டு விரலால் எடுத்து, டம்ளருக்குள் போடாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். “போட்டாச்சா?” என்று சார் கேட்டார். “இருங்க சார், அனுபவிக்கிறேன்” என்றார் அண்ணி.

கொழுந்து வாட்டுகிற மாடியில் புகைப் பேய் இருந்தது. நான் வழக்கம்போல ஆடினேன். நெருப்பு, இடி, காற்று என்று ஊதாரித்தனமாகக் கௌபியை அள்ளிப் போட்டேன். பேய் பாதிதான் செத்தது, என் பக்கம் காலியாகிவிட்டது. காவல் போட்டுக்கொள்ள ஒரு கௌபி இல்லை. அண்ணியின் முன்னால் ஒன்றே ஒன்று இருந்தது. அவர் காவலுக்கென்று பத்திரமாக வைத்திருந்தது. சார் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே, “பேய் மந்திரக்காரியப் பார்த்துத் திரும்புது” என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. அண்ணி அந்தக் கௌபியை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். “எடுத்துக்கோங்க டீச்சரு.”

“அக்கா, அப்ப ஒங்களுக்கு?” என்றாள் தோழி.

“இருக்கட்டும். மலையில இப்பிடித்தான். எடுத்த கொழுந்த நிறுக்கப் போறப்ப ஒருத்திக்கு அளவு கொறைஞ்சா பக்கத்துல இருக்கிறவ ஒரு பிடி போடுவா.”

வேண்டாம் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். அது விளையாட்டு, என் மந்திரக்காரி செத்தால் வேறொரு மந்திரக்காரி. எனக்கு அதெல்லாம் தோன்றியது. தோன்றிக்கொண்டிருக்கும்போதே கை நீண்டு கௌபியை எடுத்து டம்ளருக்குள் போட்டுவிட்டது. என் மேல் காவல் ஏறியது. பேய் என்னை விட்டுவிட்டுக் கீரியின் பக்கம் திரும்பியது.

“காவல் இருக்கா அக்கா?”

“இல்லீங்க சார்.”

சார் பகடையை உருட்டினார். அதைப் பார்த்துவிட்டு, நல்ல மனுஷன், குனிந்து இன்னொரு தடவை பார்த்தார். “பகடை சாய்ஞ்சிருக்கோ?” என்று தானே கேட்டார். அண்ணி எட்டிப் பார்த்தார். “இல்லீங்க. நேராத்தான் இருக்கு. போச்சு” என்று சிரித்துவிட்டு எழுந்தார். அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரம் ஆகிவிட்டது என்று உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் குசினியை விட்டு வரவில்லை. வேறு கீரி எடுத்துக்கொள்ளலாம் என்று சார் கூப்பிட்டுப் பார்த்தார். “ரொட்டிக்கு மாவு பிசையிறேன் சார், நீங்க ஆடுங்க” என்று பதில் வந்தது. கோபமான குரலில்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், திருப்பிக் கோபப்பட்டிருப்பேன். நாங்கள் மூவரும் ஆடினோம். நான் ஒவ்வொரு பொந்தின் வாயிலிலும் நின்று முழித்தேன்.

தோழி தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனவள் திரும்பி வரச் சுணங்கினாள். வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, “ஏன்டி, அக்கா கிளாஸுக்குப் பதியலையாமே?” என்றாள்.

“என்கிட்ட அவங்க கேக்கவே இல்லையே.”

“கேட்டாங்களாம். சனிக்கிழமைன்னு சொன்னாங்களாம். நீ ‘ம்’னியாம்.”

சார் குனிந்து பகடையில் எதையோ தேடினார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. முதலில் வந்தது வெட்கம்கூட இல்லை, எரிச்சல். வெளியாளிடம் சொல்லவேண்டுமா என்று எரிச்சல். பிறகுதான் மற்றது வந்தது.

எழுந்து குசினிக்குப் போனேன். அண்ணி ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி, என் சனிக்கிழமை கிளாஸ நிப்பாட்டிர்றேன். நீங்க ஹட்டனுக்குப் போங்க.”

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். “முந்தாநேத்தோட பதியுறது முடிஞ்சிருச்சுங்க டீச்சரு.”

“யாரையாச்சும் கேட்டுப் பார்ப்போம். நான் போய்ப் பேசுறேன்.”

“பிள்ளைக் காம்பரா அக்கா கேட்டாங்க. ஆள் நிறைஞ்சிருச்சாம்.”

“அப்ப அடுத்த வருசம். கட்டாயம் அண்ணி.”

“ம்” என்றார் அண்ணி.

அதே ‘ம்’. வேண்டுமென்று சொன்னாரா, தானாக வந்ததா, தெரியவில்லை. ரொட்டி கருகும் வாசனை வந்ததும் நான் நகர்ந்து வழி விட்டேன். நான் செய்தது மன்னிப்புக் கேட்கிற காரியமா என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருந்தால் அவர் உடனே பரவாயில்லை என்றிருப்பார். அதையும் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். யாரும் கூப்பிடவில்லை. முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு பிடி கௌபியோடு வந்து ஸ்டூலில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, சாரைப் பார்த்தார்.

“பழைய கீரியேவா சார், புதுசா?”

“புதுசுதான் அக்கா. மந்திரக்காரி தன்னோட பலத்துல கொஞ்சத்த நிரந்தரமா விட்டுக்கொடுத்தா புதுத் துணை வரும்.”

“விட்டுக்கொடுக்கிறேன்” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். விளையாட்டில் விட்டுக்கொடுப்பதற்கு நான் எப்போதும் முதல் ஆள்.

“அப்ப நான் ஒரு சட்டம் சொல்லலாமா?” என்றார் அண்ணி.

“சொல்லுங்க.”

“கௌபி ஆளுக்குப் பாதி. குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடுக்கலாம். ஆனா ஒருத்தருக்கொருத்தர் கேக்கக் கூடாது.”

சாருக்கு அது புரியவில்லை. “கேட்டாத்தானே அக்கா தெரியும்?”

“மலையில யாரு சார் கேக்கிறாங்க? கொறைஞ்சவ கேக்க மாட்டா. கேட்டா அசிங்கம். பக்கத்து நிரையில நிக்கிறவளுக்குத் தெரியாதா, யாரோட கூடையில எவ்வளவு இருக்குன்னு? பார்த்துப் போடுவா. இன்னைக்கு இவ போட்டா, நாளைக்கு வேற ஒருத்தி இவளுக்குப் போடுவா.” கௌபியை இரண்டாகப் பிரித்துக்கொண்டே சொன்னார், சாதாரணமாக, ஏதோ சமையல் பக்குவம் சொல்வது போல. “பார்த்தும் போடலன்னா, அவளுக்கு மனசு இல்லன்னு அர்த்தம். அதுக்கு மேல கேட்டு என்ன செய்ய?”

நான் கௌபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணியை இரண்டாவது தடவை பிழிந்தபோது அவர் நின்ற இடம் கண்முன் வந்தது. அவர் என்னிடம் கேட்கவில்லை என்பதைத்தானே நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வெறுங்கூடையோடு பக்கத்தில் நின்றிருக்கிறார். நானும் உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன். பார்க்காமலில்லை.

ஆட்டம் தொடங்கியது. நான் ஊதாரித்தனம் செய்யவில்லை. என்றாலும் பகடை எனக்கு எதிராகவே விழுந்தது. புகைப் பேய் திரும்பவும் மாடிப்படியில் வந்து நின்றபோது என் பக்கம் காலி, அண்ணியிடம் ஒன்று. அதே நிலைமை. தோழி என்னைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். நான் கேட்கவில்லை. சட்டம் இருந்ததால் மட்டுமல்ல. ஆனால் கண் போய்விட்டது, அந்த ஒற்றைக் கௌபியின் மேல். அண்ணி அதைக் கவனித்தார். என் முகத்தைப் பார்த்தார், கௌபியைப் பார்த்தார். நகத்தைக் கடித்தார். பிறகு கௌபியை எடுத்துத் தன் டம்ளருக்குள் போட்டார்.

“கீரிக்குக் காவல் சார்.”

மந்திரக்காரி விழுந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனைக்கும் பிறகு, இத்தனையும் தெரிந்த பிறகு, ஒரு பயறுக்காக எனக்கு அண்ணியின் மேல் கோபம் வந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடி போதும் என்னை எனக்குக் காட்டித்தர.

“மந்திரக்காரி இல்லாம கீரி தனியா ஆடலாமா சார்?” என்று தோழி கேட்டாள். சார் போனில் தேடினார். அப்படியொரு சட்டம் எங்கும் இல்லை.

“ஆடலாம்” என்றேன் நான்.

அண்ணி பகடையை எடுத்துக் கைக்குள் குலுக்கினார். அப்போதுதான் உள்ளே அம்மா முனகினார். திருப்பிப் படுக்க வைக்கிற நேரம். அண்ணியின் கை நின்றது. ஸ்டூலில் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்திருந்தவர் விளிம்புக்கு வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் எழுந்து உள்ளே போனேன்.

அம்மா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் குனிந்து தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். அம்மாவின் முகம் வலியில் சுருங்கியது. விட்டுவிட்டு மற்றப் பக்கம் போய் இடுப்பைப் பிடித்தேன். அம்மா இடது கையால் என் கையைத் தட்டிவிட்டார்.

“அவளக் கூப்புடு” என்றார் குழறலாக.

வெளியே பகடை உருளும் சத்தம் கேட்டது. “சாய்ஞ்சு நிக்குதுங்க சார், திரும்பப் போடுறேன்” என்றார் அண்ணி. சார் சிரித்தார்.

“அவங்க வேலையா இருக்காங்கம்மா. எப்பிடித் தூக்கணும்னு நீங்க சொல்லுங்க” என்றேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால், விளங்காத வலது கையை முதலில் எடுத்து வயிற்றின் மேல் வைக்கவேண்டும் என்று காட்டினார். அதற்குப் பிறகுதான் தோள், அதற்குப் பிறகுதான் இடுப்பு. அம்மா படுத்து ஒரு வருடமாகிறது, ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு அது தெரியாது.